உள்நாட்டுக் கொள்கையும் வெளிநாட்டுக் கொள்கையும்: நாயாற்றுக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் அரசாங்கம் தன் மக்களை ஆளும் முறையும் அது பிற நாடுகளோடு உறவாடும் முறையும் பெரும்பாலும் இரு வேறு துறைகளாகவே ஆராயப்பட்டு வந்துள்ளன. உள்நாட்டுக் கொள்கையை ஆராய்வோர் காணி, மொழி, கல்வி, வேலைவாய்ப்பு என்பவற்றை நோக்குவர். வெளிநாட்டுக் கொள்கையை ஆராய்வோர் உடன்படிக்கைகளையும் அணிசேராமையையும் உதவி வழங்கும் நாடுகளின் மாநாடுகளையும் நோக்குவர். இலங்கையைப் பொறுத்தவரை இப்பிரிவினை ஆய்வாளரின் வசதிக்காக ஏற்பட்டதேயன்றி வரலாற்று நிலைமையைப் பிரதிபலிப்பதன்று. சோல்பரி யாப்பின்கீழ்ப் பிரதமரே பாதுகாப்புக்கும் வெளிவிவகாரத்துக்கும் பொறுப்பான அமைச்சராகவும் இருந்தார். வெளிவிவகாரத்துக்குத் தனியான அமைச்சர் ஒருவர் நியமிக்கப்பட்டது 1977இலேயே ஆகும். சுதந்திரத்தின் பின்னான முதல் முப்பது ஆண்டுகளிலும் உள்நாட்டில் படையை ஏவும் அதிகாரமும் வெளிநாட்டுக்குத் தூது அனுப்பும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தன என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தலைநகரிலிருந்து நோக்குமிடத்து இரண்டாகத் தோன்றும் இக்கொள்கைகள் எல்லைப்புறக் கிராமமொன்றிலிருந்து நோக்குமிடத்து ஒன்றாகவே தோன்றும். வன்னிப் பெருநிலத்தின் கீழைக்கரையில் அமைந்த நாயாற்றுப் பிரதேசத்தை எடுத்துக்கொண்டு இக்கருத்தை நிறுவ நாம் இக்கட்டுரையில் முயல்கிறோம். வெளியுலகோடு இலங்கை அரசு செய்துகொண்ட பெரிய ஏற்பாடுகள் பலவும் உடனடியாகவோ காலம் தாழ்த்தியோ இப்பிரதேசத்தில் காணிப் பிரச்சினையாகவோ கடற் பிரச்சினையாகவோ வந்திறங்கின. அங்கே தீர்க்கப்படாது விடப்பட்டவை பின்னர் வெளிநாட்டுப் பிரச்சினைகளாக உருமாறிக் கொழும்பை மீண்டும் வந்தடைந்தன. இவ்விரு வழிப் போக்குவரவில் ஒருபோதும் கலந்தாலோசிக்கப்படாதவர்கள் நாயாற்று மக்களே.

1. பிரதேசமும் அதன் வாழ்வும்

முல்லைத்தீவு நகருக்குத் தெற்கே, வங்காள விரிகுடாவை நோக்கித் திறக்கும் கடல்நீரேரி நாயாறு. அதற்கு வடக்கே செம்மலை, அலம்பில் முதலிய ஊர்களும், தெற்கே கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களும் உள்ளன. கொக்கிளாய்க் கடல்நீரேரிக்கு அப்பால் திருகோணமலை மாவட்டம் தொடங்குகிறது. மேற்கே மணலாற்றின் காட்டுப்பகுதியும், அதற்கும் அப்பால் அனுராதபுர மாவட்டத்தைச் சேர்ந்த பதவியாவும் உள்ளன. ஆகவே, வட மாகாணமும் கிழக்கு மாகாணமும் ஒன்றையொன்று தொடும் இடம் இது. அரசியல் முக்கியத்துவம் இப்பிரதேசத்துக்குக் கிடைத்தமைக்கு அதன் வளங்களைக் காட்டிலும் இவ்விட அமைவே பெரிதும் காரணமாயிற்று எனலாம்.

இங்குள்ள மக்கள் நிலத்தையும் நீரையும் ஒருங்கே நம்பி வாழ்ந்தவர்கள். சிறு குளங்களின் கீழும் மழையை நம்பியும் நெல் விளைவித்தனர். கடல்நீரேரியில் இறால் பிடித்தனர். கடற்கரையில் கரைவலை இழுத்தனர். கரைவலை இழுப்பதற்குரிய பாடுகள் இன்னார்க்கு இன்னவிடம் என்ற வழக்குரிமையின்பாற்பட்டவை. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேலைக்கரை கொந்தளிக்கும், கீழைக்கரை அமைதியாயிருக்கும். அக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து மீனவர் இங்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து, பருவம் மாறியதும் ஊர் திரும்பினர். காற்றின் திசையையொட்டி அமைந்த இப்பருவ இடப்பெயர்வு பகைமையிற் பிறந்ததன்று. பருவத்துக்கு வந்து போதல் என்பது நிரந்தரக் குடியேற்றமாகவும், வழக்குரிமை என்பது கொழும்பில் வழங்கப்படும் அனுமதிப்பத்திரமாகவும் மாறியபோதே அது அரசியலாயிற்று.

2. குடியேற்ற ஆட்சிக்காலம்: தொலைவில் எழுதப்பட்ட உடன்படிக்கைகள்

இக்கரையின் உரிமை பிறரால் தீர்மானிக்கப்படும் மரபு நவீன காலத்துக்குரியதன்று. வன்னிமைகள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகச் செலுத்தித் தம் உள்ளாட்சியைப் பெருமளவு காத்துவந்தன. 1766இல் கண்டி அரசுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை தீவைச் சூழ்ந்த கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரின் உரிமையாக்கிற்று. 1802இல் ஆமியன்ஸ் உடன்படிக்கை ஒல்லாந்தரின் இலங்கைப் பிரதேசங்களைப் பிரித்தானியாவுக்கு உறுதிப்படுத்தியது. ஐரோப்பிய வல்லரசுகளின் போர்க்கணக்கைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்ட அந்த ஆவணத்தின் விளைவை வன்னியில் அடுத்த ஆண்டே காண்கிறோம். 1803 ஆகத்து மாதத்தில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒற்றோபர் இறுதியில் கற்சிலைமடுவில் பிரித்தானியப் படை அவனைத் தோற்கடித்தது. இப்போரைத் தனிவீரனொருவனின் கதையாக மட்டும் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கண்டியுடன் பிரித்தானியர் அதே ஆண்டில் நடத்திய போரோடும், ஐரோப்பாவில் நிகழ்ந்த கைமாற்றத்தோடும் இணைத்தே இதனைப் புரிந்துகொள்ளல் வேண்டும்.

எனினும், பிரித்தானியர் விட்டுச்சென்றவற்றுள் நாயாற்றை மிகவும் பாதித்தது போர் அன்று, சட்டமே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எதிர்மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றிக் காடுகளும் தரிசு நிலங்களும் முடிக்குரியவை என்ற அனுமானத்தைச் சட்டமாக்கிற்று. கோப்பித் தோட்ட முதலாளிகளின் தேவைக்காக மலைநாட்டை மனங்கொண்டு இயற்றப்பட்ட அச்சட்டம் வன்னிக் காடுகளுக்கும் பொருந்துவதாயிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அம்முடிக்குரிய காணிகளை அனுமதிப்பத்திரத்தின் மூலம் குடியானவர்க்கு வழங்கும் முறையை வகுத்தது. 1948இல் முடியின் இடத்தில் சுதந்திர அரசு அமர்ந்தபோது, நாட்டு நிலத்தின் மிகப் பெரிய உரிமையாளன் என்னும் தகுதி அதற்கு முதுசமாக வந்துசேர்ந்தது. யாருக்குக் காணி கொடுப்பது, எங்கே கொடுப்பது என்பதை ஒரு மத்திய அரசாங்கம் தன் விருப்பப்படி தீர்மானிக்கக் கூடியதாயிருந்தமைக்குரிய அடித்தளம் இதுவே.

3. தளமும் தேயிலையும்: 1957 தொடக்கம் 1977 வரை

1957ஆம் ஆண்டு இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கையில் பெருமைக்குரிய ஆண்டாகக் கருதப்படுகிறது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பிரித்தானியரிடமிருந்து மீளப் பெற்றது. ஏகாதிபத்தியத்தின் பிடி தளர்ந்த அந்நிகழ்வை முற்போக்கு எண்ணம் கொண்டோர் வரவேற்றது நியாயமானதே. ஆயின், தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த தொழிலாளரின் கதி யாது? அவர்களுள் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் காணி வழங்க எண்ணப்பட்டது. அங்கு ஏற்கெனவே வேலைசெய்துகொண்டிருந்த சிங்களத் தொழிலாளரிடையே அதற்கு எதிர்ப்புக் கிளர்த்தப்பட்டது. 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் பதவியாத் தொழிலாளர் கூட்டங்களின் பங்கு குறிப்பிடத்தக்கதாயிருந்தது.

இதே காலத்தில், 1957 யூலையில், பண்டாரநாயக்கவும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் குடியேற்றத் திட்டங்களுக்குக் குடியேறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க இணங்கியிருந்தது. 1958 ஏப்பிரலில் அது கைவிடப்பட்டது. பிரித்தானியப் பேரரசிடமிருந்து தளங்களை மீட்கும் துணிவு கொண்டிருந்த ஓர் அரசாங்கத்துக்குத் தன் நாட்டின் ஒரு பகுதி மக்களோடு செய்த உடன்பாட்டைக் காக்கும் துணிவு இல்லாமற் போயிற்று. வெளியே இறைமையை உரத்துப் பேசிய அரசு, உள்ளே அவ்விறைமையைப் பகிர மறுத்தது. பின்னர் வந்த எல்லா அரசாங்கங்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படும் இயல்பு இதுவாகும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு மலையகத்தைச் சார்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரைப் பற்றி 1964 ஒற்றோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 975,000 எனக் கணக்கிடப்பட்டோருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சியோரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இரு அரசாங்கங்களும் இதனை நல்லயல் உறவின் வெற்றியாகக் கொண்டாடின. பங்கிடப்பட்ட மனிதரின் கருத்து எங்கும் கேட்கப்படவில்லை.

1977 இனக்கலவரத்தின் பின்னர் மலையகத்திலிருந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தனர். மணலாற்றுப் பகுதியில் நீண்டகாலக் குத்தகைக்கு வழங்கப்பட்டிருந்த கென்ற், டொலர் முதலிய பண்ணைகளில் காந்தீயம் அமைப்பின் முயற்சியால் அவர்களுட் சில குடும்பங்கள் குடியமர்ந்தன. கொழும்பும் புதுதில்லியும் எண்ணிக்கையாக மட்டும் கண்ட மக்கள், நாயாற்றின் உட்புறத்தில் காடு வெட்டிப் பயிர் செய்யும் குடியானவர்களாயினர். ஓர் வெளிநாட்டு உடன்படிக்கை இங்ஙனம் காணிப் பிரச்சினையாக வந்திறங்கிற்று.

4. உதவியும் மகாவலியும்: 1977 தொடக்கம் 1984 வரை

1977இல் பதவியேற்ற ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் உள்நாட்டுப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுக் கொள்கையை மேற்குலகின்பால் சாய்த்தது. இரண்டையும் பிணைத்த பெருமுயற்சி துரித மகாவலித் திட்டமாகும். முப்பது ஆண்டுகளில் முடிப்பதெனத் திட்டமிடப்பட்டதன் முக்கிய பகுதிகள் ஆறாண்டுகளுக்குள் சுருக்கப்பட்டன. விக்ரோறியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், றந்தெனிகலைக்கு மேற்கு யேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. தன்னிறைவும் மின்வலுவும் இத்திட்டத்தின் நோக்கங்களென உலகுக்குக் கூறப்பட்டது. அவை பொய்யான நோக்கங்கள் அல்ல. காணியற்ற ஆயிரக்கணக்கான ஏழைக் குடியானவர் இத்திட்டத்தால் நிலம் பெற்றனர் என்பதும் மறுக்கற்பாலதன்று.

ஆயின், திட்டத்தோடு கூடவே ஒரு நிறுவனமும் பிறந்தது. 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மகாவலி அதிகாரசபைக்கு, அமைச்சர் வர்த்தமானி மூலம் பிரகடனம் செய்யும் எந்த விசேட பிரதேசத்திலும் காணி, நீர்ப்பாசனம், குடியேற்றம் ஆகியவற்றில் மேலான அதிகாரம் கிடைத்தது. மாவட்டச் செயலகத்தின் வழமையான காணி நிருவாகம் அங்கே பின்தள்ளப்பட்டது. மணலாற்றுப் பகுதி மகாவலி ‘எல்’ வலயமாயிற்று. 1988இல் வர்த்தமானி மூலம் அது உறுதிப்படுத்தப்பட்டது. மணலாறு என்னும் பெயர் வெலி ஓயா என மொழிபெயர்க்கப்பட்டது. இதில் விந்தை யாதெனில், மகாவலியின் நீர் இவ்வலயத்தை அடையவேயில்லை. நீர் வராத இடத்துக்கு நிருவாகம் வந்தது. வெளிநாட்டு உதவி பெற்ற அணைகள் தெற்கே நெடுந்தொலைவில் இருந்தன. அவ்வுதவி நேரடியாக ‘எல்’ வலயத்துக்குச் செலவிடப்பட்டது எனக் கூற நாம் முற்படவில்லை. உலகின் நல்லெண்ணத்தைப் பெற்ற ஒரு திட்டத்தின் பெயரும் சட்டமும் இன்னோர் இடத்தில் வேறொரு காரியத்துக்குக் கருவியாயின என்பதே நாம் சுட்ட விரும்புவது.

1984ஆம் ஆண்டு இவ்விரு கொள்கைகளும் ஒரே புள்ளியில் மோதிய ஆண்டு. 1983 யூலை வன்செயல்களின் பின் இந்தியாவின் தலையீடு தவிர்க்கவியலாததாயிற்று. இந்தியத் தூதுவர் ஜி. பார்த்தசாரதியின் முயற்சியைத் தொடர்ந்து 1984 சனவரியில் சர்வகட்சி மாநாடு தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் இசுரவேலின் நலன்பேணும் பிரிவொன்று திறக்கப்பட்டது. மாநாடு நடந்துகொண்டிருக்கையில் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு குடியமர்த்தப்பட்டனர். நவம்பர் 30ஆந் திகதி தமிழீழ விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கி அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அடுத்த நாள் கொக்கிளாயிலும் நாயாற்றிலுமிருந்த சிங்கள மீனவர் குடியிருப்புக்கள் தாக்கப்பட்டன. அங்கும் பொதுமக்கள் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த நாட்களில் ஒதியமலையிலும் கரையோரக் கிராமங்களிலும் தமிழ்ப் பொதுமக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு ஆகிய ஊர்களின் தமிழ் மக்கள் அந்த டிசம்பரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அதே மாதத்திலேயே சர்வகட்சி மாநாடும் முடிவின்றிக் கலைந்தது.

சிறையிலிருந்து கொண்டுவந்து எல்லையில் இருத்தப்பட்டவனும், மேலைக்கரையிலிருந்து வலையோடு வந்தவனும், மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவனும், பரம்பரையாகக் கரைவலை இழுத்தவனும் உழைக்கும் மக்களே. அவர்களுள் எவனும் அக்கொள்கையை வகுத்தவனல்லன். அவர்களை ஒருவர்முன் ஒருவராக நிறுத்தியது அரசின் காணிக் கொள்கை. நிராயுதபாணிகளான ஏழைகளைக் கொன்றதன் மூலம் ஆயுத இயக்கமும் அக்கொள்கை விரித்த வலையிலேயே வீழ்ந்தது. இதனைக் கூறாது விடுவது வரலாற்று நேர்மையாகாது.

5. 1987: ஒரே தாளில் இரு கொள்கைகள்

1987 யூலை 29ஆந் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் கைச்சாத்திட்ட இந்திய-இலங்கை உடன்படிக்கையை நுணுகி வாசிப்போர்க்கு நம் கருத்து எளிதில் விளங்கும். உடன்படிக்கையின் உடற்பகுதி வடக்குக் கிழக்கு இணைப்பையும் அதிகாரப் பரவலையும் பேசுகிறது. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்கள் திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு மாறாக எந்நாட்டின் படைத்தேவைக்கும் விடாதிருத்தல், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இணைந்து புனரமைத்தல், வெளிநாட்டுப் படை ஆலோசகரின் பிரசன்னம் பற்றி உடன்பாட்டுக்கு வருதல் ஆகியவற்றைப் பேசுகின்றன. ஒன்று உள்நாட்டுத் தீர்வு. மற்றையது வெளிநாட்டுச் சலுகை. இரண்டும் ஒரே பேரத்தின் இரு பக்கங்கள்.

பேரத்தின் இரு பக்கங்களும் ஒரே வேகத்தில் நிறைவேறவில்லை என்பதே கவனத்துக்குரியது. 1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தம் காணியை மாகாண சபைகளுக்குரிய விடயமாகக் குறிப்பிட்டபோதும், அரச காணி குடியரசுக்கே உரியது என்பதை நிலைநிறுத்தியது. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களைத் தொடும் நீர்ப்பாசனத் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பாக்கப்பட்டன. காணிப் பயன்பாடு பற்றிய தேசிய கொள்கையை வகுப்பதற்குத் தேசிய காணி ஆணைக்குழுவொன்று அமைக்கப்படும் எனத் திருத்தம் கூறியது, அவ்வாணைக்குழு அமைக்கப்படவேயில்லை. அத்தகைய திட்டங்களில் காணி வழங்கும்போது மாகாணத்தின் குடிப்பரம்பல் பெரிதும் குலையாதவாறு இயன்றவரை பார்த்துக்கொள்ளல் வேண்டும் என்ற வாசகமும் திருத்தத்தில் உண்டு. அத்திருத்தம் நிறைவேறி அரையாண்டு கழியுமுன் ‘எல்’ வலயம் வர்த்தமானியிற் பிரகடனமாயிற்று. இரு மாகாணங்களின் பொருத்தில் அமைந்த அவ்வலயம், இணைப்பைப் பற்றி எழுதப்பட்ட வாசகத்துக்கு நிலத்தின் மேல் எழுதப்பட்ட மறுப்புரையாக அமைந்தது. வடக்கும் கிழக்கும் 1988இல் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. 2006 ஒற்றோபரில் உயர் நீதிமன்றம் அவ்விணைப்புச் செல்லுபடியாகாதெனத் தீர்ப்பளித்தது. இன்று வெலி ஓயா முல்லைத்தீவு மாவட்டத்தின் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றாக விளங்குகிறது.

பெரிய அயல் நாடொன்று தன் பாதுகாப்பு நலனுக்காக இன்னொரு நாட்டின் உள்நாட்டுத் தீர்வுக்குப் பொறுப்பேற்கும்போது, அதன் நலன் நிறைவேறியதும் பொறுப்புத் தளர்ந்துவிடுகிறது. இது தனி மனிதரின் வஞ்சகத்தால் விளைவதன்று. அரசுகளின் வர்க்க இயல்பினாலும் நலன்களினாலும் விளைவது. அயல் வல்லரசை முற்றாக நம்பிய தமிழ் அரசியலும் இதிலிருந்து போதிய பாடம் கற்றதாகத் தெரியவில்லை.

6. கடலும் வாக்குறுதிகளும்

நிலத்தில் நிகழ்ந்ததே கடலிலும் நிகழ்ந்தது. 1974, 1976ஆம் ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கைகள் இரு நாடுகளுக்குமிடையே கடலெல்லையை வகுத்தன. 1976 மார்ச்சில் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஒருவர் கடற்பரப்பில் மற்றவரின் மீனவர் தொழில் செய்யலாகாது என்றன. கோடு வரையப்பட்டது, ஆனால் கடலை நம்பியிருந்த இரு கரை மக்களுக்கும் அக்கோட்டுக்கேற்ற வாழ்வு வகுக்கப்படவில்லை. இந்தியாவில் இழுவைப்படகுத் தொழில் முதலாளித்துவ முறையிற் பெருகிற்று. போரினால் வட இலங்கையின் கடற்றொழில் முடங்கிற்று. போர் முடிந்து வள்ளத்தைக் கடலில் இறக்கிய முல்லைத்தீவுத் தொழிலாளி தன் வலைகளை அறுத்துச்செல்லும் இழுவைப்படகுகளை எதிரே கண்டான். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. சட்டம் இருந்தும் பிரச்சினை பெரும்பாலும் கைதும் விடுதலையுமாக, இரு தலைநகரங்களின் நல்லுறவை அளக்கும் கருவியாகவே கையாளப்படுகிறது.

2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது உலகின் உதவி திரண்டது. அவ்வுதவியைப் பங்கிடுவதற்கென 2005 யூனில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு, அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் முடங்கிற்று. உதவி கோரும்போது ஒரு நாடாகவும், உதவியைப் பகிரும்போது இரு நாடுகளாகவும் நடந்துகொள்ளும் வழக்கம் அன்றும் மாறவில்லை.

2009இல் போர் முடிந்தபின், 1984இல் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 2011 தொடக்கம் தம் ஊர்களுக்குத் திரும்பினர். அனுமதிப்பத்திரம் பெற்றுத் தாம் பயிரிட்ட வயல்கள் மகாவலியின் பெயரால் பிறருக்கு வழங்கப்பட்டுவிட்டன என்பது அவர்களின் முறையீடு. 2015 ஒற்றோபரில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை இணை அனுசரணை வழங்கியது. படையினர் வசமுள்ள பொதுமக்களின் காணிகளை மீளக் கையளிப்பதும் அதிற் கூறப்பட்டிருந்தது. அவ்வாக்குறுதி நடைமுறையில் இருந்த ஆண்டுகளிலேயே நாயாற்றில் நிகழ்ந்தவற்றை நோக்குக. 2017இல் நாயாற்றுக் கடல்நீரேரி வனசீவராசிகள் திணைக்களத்தின்கீழ் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. 2018 ஆகத்தில் நாயாற்றுத் தமிழ்த் தொழிலாளரின் வாடிகளும் வள்ளங்களும் வலைகளும் எரிக்கப்பட்டன. அதே மாத இறுதியில் மகாவலி ‘எல்’ வலயத்தின் விரிவாக்கத்துக்கு எதிராக முல்லைத்தீவில் மக்கள் பெருந்திரளாகக் கூடினர். 2019 செப்ரெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிற் சூழலில், நீதிமன்றக் கட்டளையையும் மீறிப் பௌத்த பிக்கு ஒருவரின் பூதவுடல் எரியூட்டப்பட்டது. 2020 பெப்ரவரியில் புதிய அரசாங்கம் 30/1 தீர்மானத்தின் இணை அனுசரணையிலிருந்து விலகுவதாகச் சினீவாவில் அறிவித்தது. நாயாற்று மக்களைப் பொறுத்தவரை அவ்விலகல் புதிய செய்தியன்று. இணைந்திருந்த காலமும் அவர்களுக்கு அவ்வாறே கழிந்தது.

இவ்வாக்குறுதிகளின் பயனாக உருவான நிறுவனங்களுள் ஒன்று, 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமாகும். 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் 2024 யூலை வரை நடந்த அகழ்வில் 52 பேரின் எலும்புக்கூட்டுத் தொகுதிகள் மீட்கப்பட்டன. சினீவாவிற் பேசப்பட்ட சொற்களின் மெய்ம்மையை அளப்பதற்கு இதனினும் துல்லியமான அளவுகோல் வேண்டியதில்லை. அவ்வெச்சங்கள் யாருடையவை என்பதற்கு அரசு தரும் விடையே அதன் உள்நாட்டுக் கொள்கை; அவ்விடையை எவ்வாறு உலகுக்கு உரைக்கிறது என்பதே அதன் வெளிநாட்டுக் கொள்கை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, 1957இன் தளமீட்பு, 1964இன் குடியுரிமைப் பங்கீடு, 1977இன் உதவிப் பொருளாதாரம், 1987இன் உடன்படிக்கை, 2015இன் தீர்மானம் ஆகியன வெளிநாட்டுக் கொள்கையின் நிகழ்வுகளாகப் பாடநூல்களில் இடம்பெறினும், அவற்றின் இறுதி விளைவு காணியிலும் கடலிலுமே தீர்மானிக்கப்பட்டது. இரண்டாவது, கட்சிகள் மாறினும், அணிசேராமையிலிருந்து மேற்குச் சார்புக்கும் பின்னர் வேறு சார்புகளுக்கும் வெளிநாட்டுக் கொள்கை திரும்பினும், மத்தியில் குவிந்த காணி அதிகாரம் மாறவில்லை. வெளிநாட்டுக் கொள்கை மாறினால் உள்நாட்டு நிலைமை தானே மாறும் என்ற நம்பிக்கைக்கு நாயாற்றின் வரலாறு ஆதாரம் தரவில்லை. மூன்றாவது, உள்நாட்டில் நிறைவேற்றும் நிறுவனம் இல்லாத வாக்குறுதி எத்துணை உயர்ந்த அரங்கில் அளிக்கப்பட்டாலும் பயனற்றது. அமைக்கப்படாத தேசிய காணி ஆணைக்குழு இதற்குத் தக்க சான்று.

ஆகவே, நாயாற்றைப் போன்ற பிரதேசங்களில் செய்யவேண்டியவை வெளிநாட்டு அனுசரணைக்காகக் காத்திருக்கத் தேவையற்றவை. 1984இற்கு முன் வழங்கப்பட்ட காணி அனுமதிப்பத்திரங்களை மதித்தல், தேசிய காணி ஆணைக்குழுவை மாகாணங்களின் பிரதிநிதித்துவத்தோடு அமைத்தல், நீர் தராத ‘எல்’ வலயத்தின் காணி நிருவாகத்தை மாவட்ட நிருவாகத்திடம் மீளக் கையளித்தல், கரைவலைப் பாடுகளையும் பருவகால வாடிகளையும் உள்ளூர்க் கடற்றொழிலாளர் சங்கங்களும் வந்துபோகும் தொழிலாளரும் ஒருங்கிருந்து முறைப்படுத்தல் என்பன அவை. கடைசியாகக் கூறியது இயலாத காரியமன்று. காற்றின் திசையறிந்து வந்து போன மக்களிடம் அத்தகைய ஒழுங்கு ஒருகாலத்தில் இருந்தது. வெலி ஓயாவில் இரண்டு தலைமுறையாக வாழும் ஏழைச் சிங்களக் குடியானவர்களை மீண்டும் அகதிகளாக்கும் தீர்வும் தீர்வாகாது. அவர்களையும் உள்ளடக்கிய காணி நீதியே நிலைக்கும்.

அரசொன்றின் வெளிநாட்டுக் கொள்கையை ஆராயப் புகும் நம் மாணவர் கொழும்பு, புதுதில்லி, சினீவா ஆகிய இடங்களின் ஆவணங்களோடு கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேடுகளையும் வாசித்தல் வேண்டும். முன்னவை அரசு சொன்னதைக் கூறும். பின்னவை அது செய்ததைக் கூறும்.